ஊர்ப்பொதுவில் நம் பங்கு: தோழமையை எதைக் கொண்டு அளப்பது?

தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் பொதுச்சொத்து என்று எழுதி வைக்கப்பட்டவற்றின் பட்டியல் நீளமானது. கண்மாய், ஊருணி, மேய்ச்சல் புறம்போக்கு, மயானம், வண்டிப்பாதை, மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, நூலகக் கட்டடம், சமுதாயக் கூடம், சாலையோரப் புளிய மரங்கள் என அது விரியும். ஏட்டின்படி இவை எல்லோருக்கும் உரியவை. வழக்கில் இவற்றுக்கு வேறொரு பெயர் உண்டு: ஊர்ப்பொது. நம் மொழியில் 'ஊர்' என்னும் சொல் சேரியைத் தன்னுள் சேர்த்துக்கொள்வதில்லை. ஊர்த்தெரு, ஊர்க்கூட்டம், ஊர்க்கட்டுப்பாடு, ஊர்க்காரர் என்று சொல்லும்போது நாம் அதில் இல்லை என்பது சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். ஆகவே ஊர்ப்பொது என்று உச்சரித்த கணத்திலேயே பொதுவிலிருந்து ஒரு பகுதி மக்கள் கழிக்கப்பட்டுவிடுகிறார்கள்.

2025 ஏப்ரலில், 'காலனி' என்னும் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இதனை நாம் வரவேற்றோம்; வசைச்சொல்லாக மாறிவிட்ட ஒரு முகவரியை எந்தப் பிள்ளையும் பள்ளிப் பதிவேட்டில் சுமக்க வேண்டியதில்லை. செப்டம்பர் 17 சமூகநீதி நாள், ஏப்ரல் 14 சமத்துவ நாள் என்று அரசு அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் உறுதிமொழி எடுக்கப்படுகிறது. இவற்றையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பெயர்ப்பலகை மாறிய தெருவுக்கு மயானப்பாதை வந்ததா, உறுதிமொழி எடுத்தவர் ஊர்க்கூட்டத்தில் வாய் திறந்தாரா என்பவை தனிக் கேள்விகள். அண்மைக்காலமாக நம் கூட்டங்களிலும் கல்லூரி வளாகங்களிலும் 'தோழமைச் சக்திகள்' என்ற சொல் அடிக்கடி புழங்குகிறது. பட்டியலினத்தவர் அல்லாத, சாதி ஒழிப்பில் உண்மையான அக்கறை கொண்ட மாணவர்கள், 'நாங்கள் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்கிறார்கள். மதிக்கத்தக்க கேள்வி இது. இதற்கு உணர்ச்சியின் மொழியில் விடை தேடுவதைவிட, பொதுச்சொத்தின் கணக்கில் தேடுவது பயன்தரும் என்று கருதுகிறோம்.

தீர்மானம் ஒருவருடையது, தாகம் வேறொருவருடையது

1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில், பொது நீர்நிலைகள், கிணறுகள், பள்ளிகள் ஆகியவற்றைத் தீண்டப்படாதோர் பயன்படுத்த அனுமதிக்கும் தீர்மானம் நிறைவேறியது. அதைக் கொண்டுவந்த எஸ்.கே. போலே ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அல்லர். அதனைப் பின்பற்றி 1924-இல் மகத் நகராட்சி, சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவதாகத் தீர்மானித்தது. மூன்றாண்டுகள் கழிந்தன. ஒருவரும் அங்கு நீர் அருந்த முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் நடந்து சென்று அந்நீரை அள்ளிக் குடித்தபோதுதான் காகிதத்தில் கிடந்த உரிமை கைக்கு வந்தது. அன்று மாலையே தாக்குதல் நடந்தது. குளத்துக்குத் 'தீட்டுக் கழித்தார்கள்'. அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வழக்கு நடந்து, பம்பாய் உயர்நீதிமன்றத்தில் இறுதித் தீர்ப்புக் கிடைக்க 1937 ஆயிற்று.

இந்த வரிசையைத் தோழமை பற்றிப் பேசுவோர் மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. போலேயின் தீர்மானம் இல்லாவிட்டால் மகத் மாநாட்டுக்குச் சட்டப் பிடிமானம் இருந்திருக்காது. நகராட்சித் தலைவராக இருந்த சுரேந்திரநாத் திப்னிஸ், அனந்தராவ் சித்ரே, சகஸ்ரபுத்தே ஆகிய ஆதிக்கச் சாதியில் பிறந்தவர்கள் அம்மாநாட்டில் உடன் நின்றார்கள். அவ்வாண்டு டிசம்பரில் மனுஸ்மிருதியை எரிக்கும் தீர்மானத்தை முன்மொழிந்த சகஸ்ரபுத்தே பார்ப்பனர். போராட்டத்தில் பார்ப்பனர் எவரையும் சேர்க்கக் கூடாது என்று பார்ப்பனரல்லாதார் இயக்கத் தலைவர்களான ஜேதேயும் ஜவால்கரும் நிபந்தனை வைத்தபோது, அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. பிறப்பை வைத்து ஒருவரை விலக்குவது நம் அரசியல் ஆகாது என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. கொடுத்த தீர்மானத்தைக் கொடுத்தவர்களே எடுத்துக்கொள்ளவும் முடியும் என்பதையும் அதே மகத்தில்தான் அவர் கண்டார். நம் கால்களால் நடந்து எடுத்துக்கொண்டதுதான் நீதிமன்றம்வரை நம்முடன் வந்தது.

சென்னை மாகாணத்தின் கதையும் இதற்குச் சளைத்ததன்று. பொதுச்சாலைகள், கிணறுகள், பொது இடங்கள் அனைத்தும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றினார். இங்கு தீர்மானமும் நம்முடையதே. நூறாண்டு கடந்துவிட்டது. அந்தச் சாலைகளில் சிலவற்றில் நாம் செருப்போடு நடப்பது இன்றும் செய்தியாகிறது.

1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நடந்த ஆலய நுழைவைப் பாடநூல்கள் வைத்தியநாத ஐயரின் நிகழ்வாகச் சொல்கின்றன. அவர் துணிவை நாம் மறுக்கவில்லை. அவர் குடும்பம் சொந்தச் சாதியாரால் ஒதுக்கப்பட்டது. ஆனால் அன்று உள்ளே சென்றவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்று எந்த வகுப்பறையிலாவது கேட்டுப் பாருங்கள். கக்கனின் பெயர் வரும், அதுவும் அவர் பிற்பாடு அமைச்சரானதால். மற்றவர்களுக்கு நினைவில் இடமில்லை. தோழர் கதாநாயகராகவும் உரிமைக்குரியவர் உடன் சென்றவராகவும் மாறிவிடும் இந்தக் கதைசொல்லல், இன்றைய கல்லூரி விழா மேடைகளிலும் தொடர்கிறது.

நாற்காலியும் காசோலையும்

1996-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டது. மனுத்தாக்கல் செய்தவர்கள் மிரட்டப்பட்டார்கள், வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன. இறுதியில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று ஓடும் பேருந்தை மறித்து அவர் உள்ளிட்ட 6 பேரை வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலே நடக்கவிடப்படவில்லை; நடந்தாலும் தாங்கள் நிறுத்திய ஒருவரை வெல்லவைத்து உடனே பதவி விலகச் செய்தார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கு முறையான தேர்தல் நடந்தது.

ஒரு நாற்காலிக்காக ஏன் இவ்வளவு வெறி? 'கௌரவம்' என்ற ஒற்றைச் சொல்லில் இதனை விளக்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கௌரவத்துக்கு அடியில் கணக்கு இருக்கிறது. கண்மாய் மீன்பாசியை யார் ஏலம் விடுவது, புளிய மரக் குத்தகை எவருக்கு, கல்குவாரி வருவாய் எங்கே போகிறது, நூறுநாள் வேலை எந்தத் தெருவில் தொடங்குகிறது, எந்தச் சந்துக்குச் சிமெண்டுச் சாலை என்பவற்றையெல்லாம் அந்த நாற்காலி தீர்மானிக்கிறது. அதில் ஒரு பட்டியலினத்தவர் அமர்ந்தால், ஊர்ப்பொது என்று நூற்றாண்டுகளாகக் கையாளப்பட்டது உண்மையிலேயே பொதுவாகிவிடும் ஆபத்து எழுகிறது.

அதனால்தான், வெட்டரிவாள் தேவைப்படாத இடங்களில் வேறு வழிகள் கையாளப்படுகின்றன. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரான பட்டியலினப் பெண் தரையில் அமர்த்தப்பட்ட படத்தை நாடே கண்டது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் விடுதலை நாளன்று தலைவர் கொடியேற்றத் தடுக்கப்பட்டார். 2022 ஆகஸ்டில், பட்டியலின ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யுமாறு தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. விடுதலை பெற்று 75 ஆண்டு நிறைந்த நாட்டில் எழுதப்பட்ட கடிதம் அது.

நாற்காலியும் கொடியும் படத்தில் தெரிகின்றன. படத்தில் தெரியாதது காசோலை. தமிழ்நாட்டில் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்பதவிக்கு ஒதுக்கீடு இல்லை. ஆகவே தலைவர் பதவி ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் பெரும்பாலும் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த ஒருவர் துணைத்தலைவராகிறார். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் தெருவிளக்கு எரியாது, தூய்மைப் பணியாளருக்குச் சம்பளம் போகாது, பழி தலைவர்மீது விழும். எந்த முழக்கமும் இல்லாமல், எந்த வழக்கும் பதியாமல், ஒரு பேனாவை மூடிவைப்பதன் மூலமே ஒரு தலைவரைத் தோற்கடித்துவிடலாம். தோழமையை அளக்க இதைவிடத் துல்லியமான கோல் நமக்குத் தெரியவில்லை. அந்தத் துணைத்தலைவரின் உறவினராக, நண்பராக, வகுப்புத் தோழராக இருக்கும் ஒருவர் அவரிடம் சென்று, 'கையெழுத்தைப் போடுங்கள்' என்று சொல்வாரா?

பூட்டிய பொது

பொதுவைப் பங்கிட மனமில்லாதபோது அதை அழித்துவிடுவதும் பூட்டிவிடுவதும் வழக்கம். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்களுக்கான மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அதை விசாரிக்கச் சென்ற ஆட்சியரிடம் மக்கள் கோயில் நுழைவு மறுக்கப்படுவதையும் தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை இருப்பதையும் சொன்னார்கள். ஒரு தண்ணீர்த் தொட்டியைத் திறந்துபார்த்தால் அவ்வூரின் மற்றெல்லாப் பொதுக்களின் நிலையும் வெளிப்பட்டுவிடுகிறது. ஈராண்டு கழித்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடி அதே குடியிருப்பைச் சேர்ந்த மூவர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அம்மக்களும் பல இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் அந்த ஈராண்டுகளில், அந்தத் தொட்டியைப் பற்றிச் சுற்றுவட்டார ஆதிக்கச் சாதியினரில் எத்தனை பேர் சாட்சியாக முன்வந்தார்கள் என்ற கேள்வி எந்தக் குற்றப்பத்திரிகைக்கும் வெளியே நிற்கிறது.

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் சென்ற பட்டியலினத்தவர் தாக்கப்பட்டனர். பேச்சுவார்த்தைகள் நடந்தன, தீர்வு எட்டப்படாதபோது அரசு ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தது. உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் திறந்தார்கள். பொதுமக்கள் யாருக்கும் அனுமதி இல்லை. 2025 ஏப்ரலில்தான் காவல்துறைப் பாதுகாப்புடன் பட்டியலின மக்கள் உள்ளே சென்று வழிபட்டார்கள். இந்த ஈராண்டுப் பூட்டைச் 'சட்டம் ஒழுங்கு' நடவடிக்கை என்று அரசு சொல்லும். அடித்தவருக்கும் அடிபட்டவருக்கும் ஒரே பூட்டு என்பது நடுநிலை ஆகாது. வட்டாட்சியர் அலுவலகங்களில் நடக்கும் 'அமைதிப் பேச்சுவார்த்தை' என்ற சடங்கும் இத்தகையதே. உரிமை மறுக்கப்பட்டவரும் மறுத்தவரும் அங்கு 'இரு தரப்பினர்' ஆகிவிடுகிறார்கள். 'இரு தரப்பும் விட்டுக்கொடுக்க வேண்டும்' என்ற அறிவுரை வழங்கப்படுகிறது. ஒன்றும் கையில் இல்லாதவர் எதை விட்டுக்கொடுப்பார்?

2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், மயானத்துக்குச் செல்லும் பாதை மறிக்கப்பட்டதால், இறந்தவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிப் பாலாற்றில் இறக்கினார்கள். உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. சாதி வேறுபாடற்ற மயானம் உள்ள சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று பின்னர் அரசு அறிவித்தது. சட்டம் ஏற்கனவே கட்டாயமாக்கியிருப்பதைச் செய்ததற்குப் பரிசு கொடுப்பது விந்தைதான். ஆனாலும் அத்தொகையைப் பெறுவதற்காகவேனும் ஓர் ஊர் தன் இரு மயானங்களை ஒன்றாக்கினால் நாம் குறுக்கே நிற்கப்போவதில்லை.

சுவர் கொண்டு பொதுவைத் தடுத்த உத்தப்புரம் இன்னொரு பாடம். மதுரை மாவட்டத்தின் அவ்வூரில் பட்டியலின மக்கள் பொதுப்பாதையையும் பேருந்து நிற்குமிடத்தையும் அணுகவிடாமல் எழுப்பப்பட்டிருந்த நெடுஞ்சுவர், இருபதாண்டு அளவில் நின்றது. தீண்டாமை வடிவங்களை ஊர் ஊராகக் கணக்கெடுத்த தீண்டாமை ஒழிப்பு முன்னணி அதை வெளிக்கொணர்ந்தது. 2008 மே மாதம் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. உடனே ஆதிக்கச் சாதியினர் ஊரைவிட்டு வெளியேறி மலையடிவாரத்தில் தங்கிக் 'குறை' சொன்னார்கள். முத்தாலம்மன் கோயிலில் பட்டியலின மக்கள் நுழைய 2011 நவம்பர் ஆயிற்று. இங்கு இரு செய்திகள் உண்டு. வெளியிலிருந்து வந்த தோழமை அமைப்பு செய்த முதல் வேலை முழக்கமிடுவதாக இருக்கவில்லை. எங்கே எந்தப் பொது மறுக்கப்படுகிறது என்று பட்டியலிட்டதே அது. இரண்டாவது, சுவர் இடிந்தபின் மூன்றாண்டுக்கு மேல் அம்மக்கள் அதே ஊரில், அதே அண்டை வீட்டாருடன், வாழ வேண்டியிருந்தது. தோழமை அமைப்புகளின் வாகனங்கள் திரும்பிச் சென்றபின் வரும் அந்தக் காலத்தைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும்.

சட்டம் ஒதுக்கிய மூன்று இடங்கள்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளில் 17-ஆம் விதி, மாவட்டந்தோறும் விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு அமைக்கச் சொல்கிறது. ஆட்சியர் தலைவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். அதில் பட்டியலின, பழங்குடியினத்தைச் சேர்ந்த அலுவல்சாரா உறுப்பினர்கள் 5 பேர்வரை இடம்பெறலாம். இவர்களைத் தவிர, இவ்விரு பிரிவையும் சேராத, தொண்டு நிறுவனங்களுடன் தொடர்புடைய 3 பேர்வரை உறுப்பினராகலாம் என்றும் அதே விதி சொல்கிறது. அதாவது தோழர்களுக்கென்று சட்டமே மூன்று நாற்காலிகளைப் போட்டுவைத்திருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் அந்த மூவர் யார்? கடந்த ஓராண்டில் குழு எத்தனை முறை கூடியது, அவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எவரும் கேட்டுப்பெறலாம். முதலமைச்சர் தலைமையிலான மாநில அளவிலான குழுவே பல ஆண்டுகள் கூடாமல் கிடந்து, 2021 ஆகஸ்டில்தான் கூடியது. மாவட்டங்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். சாதி ஒழிப்பில் ஆர்வமுள்ள கல்லூரிப் பேரவை ஒன்று, ஆண்டுக்கு ஒரு கருத்தரங்கைக் குறைத்துக்கொண்டு, இந்தக் கூட்டக் குறிப்புகளை வாங்கிப் படிக்கும் வேலையை ஏற்றால் அது பெரும்பணி.

நாம் செய்ய முடியாத, தோழர்களால் மட்டுமே செய்ய முடிந்த வேலை ஒன்று உண்டு: சாட்சி சொல்வது. வன்கொடுமைகள் பெரும்பாலும் ஊர்த்தெருவில், கடைவீதியில், பேருந்தில், பலர் பார்க்க நடக்கின்றன. பார்த்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர் அல்லர். நம்முடைய சாட்சியை 'வேண்டியவர் சாட்சி' என்று எதிர்த்தரப்பு தள்ளப் பார்க்கிறது. மற்றவர்கள் 'பார்க்கவில்லை' என்கிறார்கள். 2015-இல் கொல்லப்பட்ட கோகுல்ராஜ் வழக்கில் முக்கியச் சாட்சி பிறழ்ந்தது தமிழ்நாடு அறிந்தது. 2022 மார்ச்சில் தண்டனை கிடைக்கப் பெரிதும் துணைநின்றது திருச்செங்கோடு கோயிலின் கண்காணிப்புக் கேமராப் பதிவு. மனிதர்கள் கைவிட்ட இடத்தில் ஒரு கருவி பேசிற்று. 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபின், சாட்சிகளுக்குப் பாதுகாப்பு, பயணப்படி, இடமாற்ற உதவி ஆகியவற்றை 15அ பிரிவு உரிமையாகவே தருகிறது. இவ்வுரிமைகளை அறிந்த சட்டக்கல்லூரி மாணவர் ஒருவர், சாட்சி சொல்லத் தயங்கும் தன் சொந்த ஊர்க்காரருடன் நீதிமன்ற வாசல்வரை சென்று நின்றால், அந்த வழக்கின் போக்கே மாறக்கூடும்.

அதே திருத்தம் சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியது. புகார் கொடுத்த குடும்பங்களுக்கு மளிகைக்கடையில் பொருள் கிடைக்காது, வயல்வேலை நின்றுவிடும், ஆட்டோ வராது. நம் தெருவில் மளிகைக்கடை வைக்க முதல் இல்லாததால் இந்தப் புறக்கணிப்பு ஒருவாரத்தில் வயிற்றைத் தொட்டுவிடுகிறது. இச்சூழலில், ஊர்க்கட்டுப்பாட்டை மீறி ஒரு கடைக்காரர் வழக்கம்போல் அரிசி நிறுத்துக் கொடுத்தால், அவரிடம் நாம் வேறெந்தக் கொள்கை அறிக்கையும் கேட்கமாட்டோம்.

பெயருக்கு எழுதிய பணம்

பொதுச்சொத்தில் மிகப் பெரியது அரசின் பணம். மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதியை ஒதுக்கும் சிறப்புக் கூறுத் திட்டம் 1979-80-இல் தொடங்கியது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் பட்டியலினத்தவர் 20 விழுக்காடு; ஒதுக்கீடு அந்த அளவில் இருந்து, அது நமக்கே செலவாகியிருந்தால், இக்கட்டுரையின் முற்பகுதியில் சொன்ன பாதைகளும் தொட்டிகளும் எப்போதோ வந்திருக்கும். தில்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காகத் துணைத் திட்டத்தின் சுமார் 700 கோடி ரூபாய் திருப்பிவிடப்பட்டது. கர்நாடகம் 2013-இல் சட்டமே இயற்றியும், 2023-24-இல் 11,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட துணைத் திட்ட நிதியைத் தன் உத்தரவாதத் திட்டங்களுக்குக் கணக்கு வைத்தது. தமிழ்நாட்டிலும் மகளிர் உரிமைத்தொகைக்கு 1,500 கோடி ரூபாய்க்கு மேல் இந்நிதியிலிருந்து ஒதுக்கப்பட்டது குறித்து, 2023-இல் தேசியப் பட்டியலினத்தோர் ஆணையம் விளக்கம் கேட்டது. 'பயனாளிகளில் பட்டியலினப் பெண்களும் இருக்கிறார்களே' என்பது அரசுகளின் வழக்கமான மறுமொழி. குடிமக்கள் என்ற முறையில் எல்லோருக்கும் கிடைப்பதில் நமக்கும் கிடைப்பது இயல்பு. இடைவெளியை நிரப்ப ஒதுக்கிய பணத்தை அதற்கு எடுத்தால் இடைவெளி அப்படியே இருக்கும்.

2024-இல் தமிழ்நாடும் இந்நிதிக்கெனச் சட்டம் இயற்றியிருக்கிறது. ஆந்திரம், கர்நாடகம், தெலங்கானா ஆகியவற்றுக்குப் பின்னர் வந்தாலும் இதனை ஒரு வாய்ப்பாகவே கொள்வோம். நிதிநிலை அறிக்கை வாசிக்கத் தெரிந்த பொருளியல் மாணவர்கள் இங்கு தேவைப்படுகிறார்கள். அவர்கள் எந்தச் சாதியில் பிறந்தவர்களாயினும் சரி. எந்தத் துறை எவ்வளவு கணக்கு எழுதியது, அதில் பட்டியலின மக்களுக்கு மட்டுமே பயன்பட்டது எவ்வளவு என்று ஆண்டுதோறும் பிரித்தெழுதும் வேலைக்கு வீரம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

தோழமை என்ற கேள்வி நம் தெருவுக்குள்ளும் வருகிறது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009-இல் வந்தபோது நம்மில் சிலர் எதிர்த்தார்கள். 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்சநீதிமன்றம் உட்பிரிவுகளுக்கு ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தபின்னும் அந்த முணுமுணுப்பு ஓயவில்லை. மலக்குழி மரணச் செய்தி வரும்போது யாருடைய பிள்ளைகள் இறந்தார்கள் என்று நமக்குத் தெரியும். புதிரை வண்ணார் நம் துணியை வெளுத்து, நம் சாவுக்கும் வாழ்வுக்கும் பணி செய்து, நம் தெருவிலேயே தனித்து நின்ற கதையும் தெரியும். ஆதிக்கச் சாதித் தோழரிடம் எதைக் கேட்கிறோமோ, அதையே அருந்ததியரும் புதிரை வண்ணாரும் நம்மிடம் கேட்கும்போது, 'ஒற்றுமை குலைந்துவிடும்' என்று பதில் சொல்வது பொருந்தாது.

கல்லூரி வளாகங்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. படிப்பவர்கள் நம்மைவிட நன்கறிவார்கள். 2015 மே மாதம் சென்னை ஐஐடி-யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டபோது, நாடெங்கும் மாணவர்கள் சாதி கடந்து குரல் கொடுத்தார்கள்; சில நாட்களில் அது திரும்பக் கிடைத்தது. மறு ஆண்டு ஜனவரியில் ஐதராபாத்தில் ரோகித் வெமுலா இறந்தார். அவர் கல்வி உதவித்தொகை மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. முன்னது கருத்துரிமைப் போராட்டம் என்பதால் எளிதில் தோழமை கிடைத்தது. உதவித்தொகை, விடுதி உணவு, ஆய்வு நெறியாளர் ஒதுக்கீடு போன்ற ஈரமற்ற கணக்குகளுக்கு அந்த அளவில் கிடைப்பதில்லை. நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றிய அதன் பரிந்துரையை எல்லோரும் விவாதித்தார்கள். கயிற்றை அவிழ்ப்பது அதைக் கட்டியிருக்கும் மாணவரின் வேலை; அதற்கு நம் அனுமதியோ ஆலோசனையோ தேவையில்லை.

இனி அடுத்து வருவது. 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. தலைவர் இல்லாத காலத்திலும் கிராமசபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. 500 பேர்வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்பது குறைவெண். மதச்சார்புள்ள இடத்தில் அதைக் கூட்டக் கூடாது. உங்கள் ஊரில் அது எங்கே கூடுகிறது, நம் தெருவினர் எங்கே அமர்கிறார்கள், மீன்பாசி ஏலக் கணக்கு வாசிக்கப்படுகிறதா என்பதை ஊருக்கு விடுமுறையில் செல்லும் எந்த மாணவரும் பார்த்து எழுதிவரலாம். எல்லாக் கிராமசபையிலும் பங்கேற்கும் உரிமை அவ்வூர் வாக்காளர் அனைவருக்கும் உண்டு.

உள்ளாட்சித் தேர்தல் நடக்கும்போது, தலைவர் பதவிக்குரிய வேட்புமனுவில் வேட்பாளர் பெயருக்கு அடுத்து ஒரு வரி இருக்கும்: முன்மொழிபவர். அதே ஊராட்சியின் வாக்காளர் ஒருவர் அதில் கையொப்பமிட வேண்டும். ஒதுக்கீட்டு ஊராட்சிகளில் ஊர்க்கூட்டம் தேர்ந்தெடுத்த 'அடங்கிய ஆள்' ஒருவருக்கு அந்தக் கையொப்பம் ஊர்த்தெருவிலிருந்து தாராளமாகக் கிடைக்கும். நம் தெரு தானே கூடித் தேர்ந்தெடுத்த வேட்பாளருக்கு அது எங்கிருந்து வருகிறது என்பதை, வேட்புமனு பரிசீலனை நாளன்று, ஊராட்சி ஊராட்சியாக நாம் குறித்துவைக்க வேண்டும்.